தங்கமீனுக்குப் பழைய தொட்டி வாங்குவது எப்படி?

தங்கமீனுக்குப் பெரிய தொட்டி வேண்டும். புதிதாக வாங்கினால் செலவு கூடும் என்பதால்தான் பலரும் சின்னத் தொட்டியில் ஆரம்பித்து, சில மாதங்களில் மீனையும் இழந்து ஆர்வத்தையும் இழந்துவிடுகிறார்கள். பழைய தொட்டி விற்பனையில் நிலைமை தலைகீழ். வீடு மாறுகிறவர்கள் முதலில் விற்கப் பார்ப்பது இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் பெரிய தொட்டியைத்தான். ஆக, தங்கமீன் வளர்க்கத் தொடங்குகிறவருக்குப் பழைய தொட்டி மிகவும் ஏற்ற வழி.

ஒரு நிபந்தனை. காசு கொடுப்பது கண்ணாடிக்கும் அதன் ஒட்டுகளுக்கும் மட்டுமே என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட வரும் ஃபில்டர், விளக்கு, கல், பொம்மை எல்லாம் பேரத்தில் கவர்ச்சி காட்டத்தான் பயன்படும். அவற்றின் மதிப்பைப் பூஜ்யமாக வைத்துக் கணக்குப் போட்டால் தவறு நேராது.

முதலில் மீனை முடிவு செய்யுங்கள்

தங்கமீன்களைத் தொட்டி விஷயத்தில் இரண்டாகப் பிரிக்கலாம். ஒற்றை வாலும் நீண்ட உடலும் கொண்ட காமன், காமெட், ஷுபன்கின் வகைகள் நன்றாக வளர்ந்தால் 25 முதல் 30 செ.மீ. வரை போகும், வேகமாக நீந்தும். இரட்டை வாலும் உருண்டை உடலும் கொண்ட ஒராண்டா, ரியுகின், பிளாக் மூர், ரான்சூ போன்றவை 15 முதல் 20 செ.மீ. வரை வளரும், மெதுவாக நீந்தும். கடையில் பார்க்கும் விரல் நீளக் குஞ்சை வைத்துத் தொட்டியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. ஒழுங்காகப் பராமரித்தால் இவை 10, 15 ஆண்டுகள், சில சமயம் அதற்கு மேலும் வாழும்.

உருண்டை வகைக்கு முதல் மீனுக்கு 75 லிட்டர், அடுத்து வரும் ஒவ்வொன்றுக்கும் 40 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு மீனுக்கு 115, மூன்றுக்கு 155 லிட்டர். நீண்ட உடல் வகைக்குத் தொட்டி குறைந்தது 120 செ.மீ. நீளம், 250 லிட்டர் கொள்ளளவு இருக்க வேண்டும். உண்மையில் அவற்றுக்கு ஏற்ற இடம் வெளியில் உள்ள குளம்தான்.

விற்பவர்கள் லிட்டரில் பேசுவது அரிது. 'ரெண்டடித் தொட்டி', 'மூணடித் தொட்டி' என்பார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் பெருக்கி, வருவதை 28.3 ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். செ.மீ.யில் அளந்தால் மூன்றையும் பெருக்கி 1000 ஆல் வகுக்க வேண்டும். 2×1×1 அடித் தொட்டி சுமார் 57 லிட்டர். ஒரே ஒரு உருண்டை மீனுக்குக்கூட இது போதாது. 3×1½×1½ அடி என்றால் 191 லிட்டர். கண்ணாடியின் கனம், அடியில் போடும் மணல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக 160 முதல் 170 லிட்டர் தண்ணீர் நிற்கும்; மூன்று உருண்டை மீன்களுக்குச் சரியாக இருக்கும். முதல் தொட்டிக்கு இந்த அளவைத் தேடுவது நல்லது. 4×1½×1½ அடி 255 லிட்டர் வரும்.

லிட்டர் சரியாக இருந்தாலும் வடிவம் கெடுத்துவிடலாம். தண்ணீரில் ஆக்ஸிஜன் கரைவது மேற்பரப்பு வழியாக. அறுகோணத் தொட்டி, தூண் மாதிரி உயர்ந்த தொட்டி, உருண்டைக் கிண்ணம் ஆகியவற்றில் மேற்பரப்பும் குறைவு, மீன் நேராக நீந்தும் தூரமும் குறைவு. அகலம் 30 செ.மீ.க்குக் கீழே இருந்தால் 20 செ.மீ. மீன் திரும்பும்போது கண்ணாடியில் உரசும்; 45 செ.மீ. இருந்தால் நிம்மதி. உயரம் 45 செ.மீ. போதும். 60 செ.மீ. தாண்டினால் அடியைச் சுத்தம் செய்ய உங்கள் கையே எட்டாது.

எடையையும் மறக்க வேண்டாம். 191 லிட்டர் தொட்டி தண்ணீர், கண்ணாடி, மணல், ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்து 250 கிலோவைத் தொடும். எந்தச் சுவரோரம் வைக்கப் போகிறீர்கள், தரை மட்டமாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு தேட ஆரம்பியுங்கள்.

நேரில் போகும் முன் கேட்க வேண்டியவை

தொட்டியில் இப்போது தண்ணீர் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. நிரம்பி ஓடிக்கொண்டிருக்கும் தொட்டி ஏற்கெனவே பாதித் தேர்வில் பாஸ். அதைத் தண்ணீரோடு பார்த்துவிடுங்கள். விற்பவர் காலி செய்து தயாராக வைக்கிறேன் என்றாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காலியாகக் கிடக்கிறது என்றால் கடைசியாக எப்போது நிரப்பினார்கள், ஏன் காலி செய்தார்கள் என்று கேளுங்கள்.

அடுத்தது, உள்ளே என்ன இருந்தது? பாம்பு, ஓணான், எலி வளர்த்த தொட்டிகளில் உண்ணி, பேன் மருந்து தெளித்திருக்கக்கூடும். பூச்சிக்கொல்லி மீன்களுக்கு மிகக் குறைந்த அளவிலேயே விஷம். சிலிக்கானுக்குள் ஊறியதைக் கழுவி எடுத்துவிட்டோம் என்று உறுதி சொல்லவும் முடியாது. பெயின்ட், மண்ணெண்ணெய், செடி மருந்து போட்டு வைத்த தொட்டியும் அப்படியே. இவற்றை விலை குறைத்துக் கேட்காதீர்கள், விட்டுவிடுங்கள். சிலிக்கான் மட்டும் நீலமாக இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. பெரும்பாலும் அது மெத்திலீன் ப்ளூ மருந்தின் கறை.

கடைசி மீன்கள் என்ன ஆயின என்பதையும் கேளுங்கள். ஒவ்வொன்றாக மெலிந்து, முதுகு வளைந்து, உடம்பில் ஆறாத புண்ணோடு செத்தன என்று பதில் வந்தால் மீன் காசநோயைச் சந்தேகிக்க வேண்டும். அந்தக் கிருமி பிளீச்சுக்கு எளிதில் சாகாது. கையில் வெட்டுக்காயம் இருந்தால் மனிதத் தோலிலும் தொற்றும். வேறு தொட்டி கிடைக்கும், அதை விடுங்கள்.

போகும்போது அளவு டேப், டார்ச், ஒரு நீள ஸ்டீல் ஸ்கேல், டிஷ்யூ பேப்பர், பழைய போர்வை, தூக்க இன்னொரு ஆள்.

கண்ணாடியைப் பார்ப்பது

டார்ச்சைக் கண்ணாடிக்கு நேராக அடிக்காமல், அதன் பரப்பை ஒட்டிச் சாய்வாக அடியுங்கள். நேர் வெளிச்சத்தில் மறைந்துவிடும் மயிரிழை விரிசல், சாய்ந்த வெளிச்சத்தில் ஒரு பளிச்சிடும் கோடாகத் தெரியும். விரிசல் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் தொட்டி வேண்டாம். மேலே சிலிக்கான் பூசியிருக்கிறோம் என்றாலும் வேண்டாம். தண்ணீரின் அழுத்தமும் வெப்பநிலை மாற்றமும் அதை நீளச் செய்துகொண்டே இருக்கும்.

சில்லு பெயர்ந்திருப்பது வேறு. மேல் விளிம்பில், ஒட்டிலிருந்து தள்ளி, ஓரிரு மில்லிமீட்டர் பெயர்ந்திருந்தால் உப்புத்தாளால் தேய்த்து மழுக்கி வைத்துக்கொள்ளலாம். அதே சில்லு மூலையில் ஒட்டைத் தொட்டுக்கொண்டிருந்தாலோ அடிவிளிம்பில் இருந்தாலோ நிராகரியுங்கள். மேலோட்டமான கீறல்கள் கண்ணுக்குத்தான் தொந்தரவு, பலத்துக்கு இல்லை. நகத்தை ஓட்டினால் மாட்டிக்கொள்ளும் ஆழமான கீறல், அதுவும் கீழ்ப்பாதியில், கவலைக்குரியது.

பிறகு கனம். மேல் விளிம்பில் அளந்துவிடலாம். 45 செ.மீ. உயரத்தில் 60 செ.மீ. நீளத் தொட்டிக்கு 6 மி.மீ. போதும், 90 செ.மீ. நீளத்துக்கு 8 மி.மீ. வேண்டும், 60 செ.மீ. உயரம் என்றால் 10 மி.மீ., நீளமும் 120 செ.மீ. என்றால் 12 மி.மீ. உயரம் கூடும்போது ஏன் இவ்வளவு கண்டிப்பு? 90×45 செ.மீ. முன்கண்ணாடியைத் தண்ணீர் வெளியே தள்ளும் விசை சுமார் 90 கிலோ எடைக்குச் சமம். உயரத்தை 60 ஆக்கினால் அது 160ஐத் தாண்டுகிறது. உயரம் மூன்றில் ஒரு பங்கு கூடினால், விசை ஒன்றேமுக்கால் மடங்காகிறது.

மேலே குறுக்காக ஒட்டியிருக்கும் கண்ணாடிப் பட்டை அழகுக்கு இல்லை. முன்னும் பின்னும் உள்ள கண்ணாடிகள் வெளியே வளையாமல் இழுத்துப் பிடிப்பது அதுதான். கை உள்ளே போக இடைஞ்சலாக இருக்கிறது என்று அதை உடைத்து எடுத்துவிடுகிறவர்கள் உண்டு. விளிம்பின் உட்பக்கத்தில் இரண்டு பக்கமும் எதிரெதிரே பழைய சிலிக்கான் தழும்பு தெரிந்தால், பட்டை இருந்து போயிருக்கிறது என்று அர்த்தம்.

ஒட்டுகள்: அதிக நேரம் இங்கே

தொட்டியில் சிலிக்கான் இரண்டு இடத்தில் இருக்கிறது. இரு கண்ணாடிகளுக்கு நடுவே மெல்லிய படலமாக இருப்பது தொட்டியைப் பிடித்து நிறுத்துகிறது. உள்மூலைகளில் விரலால் இழுத்துவிட்டதுபோல் இருப்பது அந்தப் படலத்துக்குக் காவல். பாசி சுரண்டும் பிளேடு பதம் பார்ப்பது பெரும்பாலும் இதைத்தான். இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

நடுப்படலத்தை வெளியிலிருந்து கண்ணாடி வழியாகப் பாருங்கள். ஒரே சீரான நிறத்தில் நூல் பிடித்தாற்போல் இருந்தால் நல்லது. இடையிடையே பால் போல வெளுத்தோ வெள்ளி மாதிரி மின்னியோ தெரிந்தால் அந்த இடத்தில் சிலிக்கான் கண்ணாடியை விட்டுப் பிரிந்துவிட்டது. நடுவில் காற்றோ நீரோ புகுந்திருக்கிறது. ஒட்டும்போதே மாட்டிக்கொண்ட சிறு குமிழிகள் தனித்தனியாக இருந்தால் பெரிய குற்றமில்லை. அவை ஒன்றோடொன்று சேர்ந்து உள்ளிருந்து வெளி வரை பாதை போட்டிருந்தால் அதுதான் கசிவு வரப்போகும் வழி. கறுப்புச் சிலிக்கானில் இதைக் கண்டுபிடிப்பது சிரமம். டார்ச்சின் கோணத்தை மாற்றி மாற்றி அடித்துப் பார்க்க வேண்டும்.

உள்மூலைச் சிலிக்கானின் ஓரத்தை நகத்தால் நெம்புங்கள். ரப்பர் போல வளைந்து கண்ணாடியை விடாமல் இருக்க வேண்டும். பொருக்கு மாதிரி எழும்பினால், அல்லது சிலிக்கானுக்கு அடியில் பச்சையாகப் பாசி ஓடியிருந்தால், பிடி தளர்ந்துவிட்டது. அடிவிளிம்பின் வெளிப்பக்கத்தில் வெள்ளை உப்புக்கோடு இறங்கியிருக்கிறதா என்றும் கவனியுங்கள். தண்ணீர் கசிந்து உலர்ந்த இடத்தில் உப்பு மட்டும் மிஞ்சும். விற்பவர் மறைக்க மறந்த சாட்சி அது.

பழைய சிலிக்கான் மேலேயே புதிதாகப் பூசியிருந்தால் அது ரிப்பேர் ஆகாது. இறுகிய சிலிக்கானோடு புதுச் சிலிக்கான் ஒட்டாது. சில வாரம் தாங்கி, பிறகு உரிந்து வரும். இரும்புச் சட்டத்தில் பட்டி வைத்துக் கண்ணாடி பதித்த மிகப் பழைய தொட்டிகள் எப்போதாவது கண்ணில் படும். பட்டி காய்ந்து வெடித்திருக்கும், அதில் ஈயம் கலந்திருக்கவும் வாய்ப்புண்டு. மீனுக்கு வேண்டாம்.

அக்ரிலிக் தொட்டியா? மூட்டுகள் வெளுத்திருக்கிறதா, பரப்பில் சிலந்தி வலை போல நுண்ணிய வெடிப்புகள் ஓடுகிறதா என்று பார்த்தால் போதும். எளிதில் கீறல் விழும் பொருள் என்பதால் நாள் முழுக்கத் தரையைக் கிளறும் தங்கமீனுக்குக் கண்ணாடியே மேல்.

ஸ்டாண்டு, ஃபில்டர் முதலியன

மரத்தூள் பலகை ஸ்டாண்டு தண்ணீர் பட்டு உப்பியிருந்தால் எடுக்காதீர்கள். இரும்பு என்றால் வெல்டிங் செய்த இடங்களில் துரு அரித்திருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். தொட்டியின் அடி முழுவதும் ஸ்டாண்டில் உட்கார வேண்டும். ஓரத்தில் ஒரு விரல் அளவு வெளியே தொங்கினால்கூட அந்த ஜோடி ஆகாது.

மின்சாரம் ஓடும் எதிலும் சந்தேகத்தின் பலன் கிடையாது. ஒயர் வெடித்திருந்தால், பிளக் கருகியிருந்தால், ஹீட்டர் கண்ணாடிக்குள் ஈரம் தெரிந்தால் குப்பைக்குத்தான். 18 முதல் 23 டிகிரி செல்சியஸ் வரை தங்கமீனுக்கு உகந்தது; பெரும்பாலும் ஹீட்டரே வேண்டியதில்லை. ஃபில்டர் மணிக்குத் தொட்டிக் கொள்ளளவைப் போல் 6 முதல் 8 மடங்கு நீரைச் சுழற்ற வேண்டும். தொட்டியோடு வருவது பெரும்பாலும் சின்ன மீன்களுக்கு வைத்த ஃபில்டர், அவ்வளவு தாங்காது.

பழைய கல்லையும் விட்டுவிடலாம். பட்டாணி அளவுக் கல் தங்கமீனின் வாயில் சிக்கிக்கொள்ளும். மெல்லிய மணல், அல்லது வாயில் நுழையாத அளவுக்குப் பெரிய கூழாங்கல், அல்லது வெறும் அடி: மூன்றில் எது என்றாலும் சரி. சாயம் உரியும் பொம்மைகளும் கூர்முனை கொண்ட அலங்காரங்களும் வேண்டாம். பிளாக் மூரின் துருத்திய கண்ணுக்கு அவை ஆபத்து.

எடுத்து வருவது

தொட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீரோ ஒரு பிடி கல்லோ இல்லாமல்தான் தூக்க வேண்டும். கால்வாசித் தண்ணீரோடு நகர்த்தும்போது நீர் அலம்பி ஒட்டுகளை முறுக்கும். குறுக்குப் பட்டையையோ மேல் விளிம்பையோ பிடித்துத் தூக்காதீர்கள். இருவர் அடியில் கை கொடுத்துத் தூக்குங்கள். வண்டியில் போர்வை மேல் அடிப்பக்கம் கீழே இருக்கும்படி நிறுத்தி, நகராமல் பக்கவாட்டில் அணைகொடுங்கள்.

கசிவுச் சோதனை

விற்றவர் கசியாது என்று சத்தியமே செய்திருந்தாலும் இதைத் தவிர்க்கக் கூடாது. பயணத்தில்கூட ஓர் ஒட்டு விட்டிருக்கலாம்.

1. தண்ணீர் கொட்டினாலும் பாதகமில்லாத இடத்தில், மட்டமான தளத்தில் வையுங்கள். அடிக்கண்ணாடி நேரடியாகத் தளத்தில் உட்காரும் தொட்டிக்கு அடியில் தெர்மோகோல் அல்லது ஃபோம் ஷீட் விரிக்க வேண்டும். சுற்றிலும் பிளாஸ்டிக் சட்டம் இருந்து, கண்ணாடி தளத்தைத் தொடாமல் நிற்கும் தொட்டிக்கு ஷீட் போடக் கூடாது. அது கண்ணாடியைக் கீழிருந்து நெம்பும்.
2. ரசமட்டம் வைத்து நீளவாட்டிலும் குறுக்கிலும் பாருங்கள். சாய்ந்திருந்தால் ஸ்டாண்டின் காலுக்கு அடியில் தகடு வையுங்கள், தொட்டிக்கு அடியில் வைக்க வேண்டாம்.
3. அடிவிளிம்பு முழுக்க உலர்ந்த டிஷ்யூவைச் சுற்றி வையுங்கள். பொடிச் சொட்டையும் அது காட்டிக்கொடுக்கும்.
4. கால்பாகம் நிரப்பி ஒரு மணி நேரம், பாதி நிரப்பி இரண்டு மணி நேரம், பிறகு வழக்கமான மட்டம் வரை. ஒரே மூச்சில் நிரப்பாதீர்கள்.
5. நிரம்பியதும் முன்கண்ணாடியின் மேல் விளிம்பில் ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பாருங்கள். நடுவில் ஓரிரு மில்லிமீட்டர் வளைவது இயல்பு. அதற்கு மேல் போனாலோ மறுநாள் கூடியிருந்தாலோ காலி செய்துவிடுங்கள்.
6. நீர்மட்டத்தில் டேப் ஒட்டிக் குறித்து, 48 மணி நேரம் விடுங்கள். ஆவியாகிச் சில மில்லிமீட்டர் குறையும்; டிஷ்யூ மட்டும் உலர்ந்தே இருக்க வேண்டும். கண்ணாடி குளிர்ந்து வியர்த்த ஈரத்தைக் கசிவு என்று நினைத்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. வியர்வை எல்லாப் பக்கமும் படரும். கசிவு ஓரிடத்தில்தான் ஊறும்.

உள்மூலைச் சிலிக்கான் மட்டும் தேய்ந்திருந்து, நடுப்படலம் நன்றாக இருந்தால் நீங்களே மாற்றலாம். ஓரிடத்தை மட்டும் ஒட்டுப்போடுவது பலிக்காது. உள்பக்கம் முழுவதையும் பிளேடால் சுரண்டி எடுத்து, அசிட்டோனால் துடைத்து, இருபுறமும் மாஸ்க்கிங் டேப் ஒட்டி, சிலிக்கானைப் பிதுக்கியதும் தோல் கட்டும் முன் ஒரே இழுப்பில் விரலால் தடவி, டேப்பை உரித்துவிட வேண்டும். மீன்தொட்டிக்கு ஏற்றது என்று குறிப்பிட்ட சிலிக்கானையே வாங்குங்கள். குளியலறைக்கும் சமையலறைக்கும் விற்கும் வகைகளில் பூஞ்சைக்கொல்லி இருக்கும், அது மீனைக் கொல்லும். வினிகர் வாடை முழுவதும் போகும்வரை, அதாவது ஒரு வாரம், காயவிட்டுக் கசிவுச் சோதனையை மறுபடி செய்யுங்கள். நடுப்படலமே விட்டிருந்தால் கண்ணாடிகளைத் தனித்தனியாகப் பிரித்துத் திரும்ப ஒட்ட வேண்டும். புதியவர் பெரிய தொட்டியில் பழகும் வேலை இல்லை அது.

சுத்தம் செய்தல்

சோப்பும் டிடர்ஜெண்டும் பக்கத்திலேயே வரக் கூடாது. வெள்ளை உப்புக்கறை மேல் வினிகரில் நனைத்த துணியை அரை மணி நேரம் போட்டுவிட்டுச் சுரண்டினால் வந்துவிடும். வினிகரை நன்றாகக் கழுவிய பிறகே பிளீச்சைத் திறக்க வேண்டும். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய அறையில் அது உயிருக்கே ஆபத்து.

மணம், நிறம் எதுவும் சேர்க்காத பிளீச் திரவம் 1 பங்கு, தண்ணீர் 19 பங்கு. உள்பக்கம் முழுக்க 15 நிமிடம் ஈரமாகவே இருக்கும்படி தடவுங்கள். பிறகு மூன்று நான்கு முறை அலசி, கடைசியாகக் குளோரின் நீக்கும் மருந்தை வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கலந்த நீரை ஊற்றிவைத்து வடித்து, வெயிலில் உலர்த்துங்கள். நன்றாக உலர்வதும் ஒரு மருந்துதான். மீன் பேன் தன் முட்டைகளைக் கண்ணாடியிலேயே வரிசையாக ஒட்டி வைக்கும். சுரண்டுவதோடு காயவும் விட வேண்டும். குளோரின் வாடை மூக்குக்கு எட்டினால் இன்னும் ஒருமுறை அலசுங்கள்.

மீன் விடும் முன்

புதிதாக நிரப்பிய தொட்டியில் மீனின் கழிவிலிருந்து வரும், மீனுக்கே நஞ்சான அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா இல்லை. அவை ஃபில்டர் ஸ்பாஞ்சில் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். காய்ந்துபோன பழைய ஸ்பாஞ்சில் அவை உயிரோடு இருக்காது. ஓடிக்கொண்டிருந்த தொட்டியை வாங்கி, அதன் மீன்கள் நலமாக இருந்தன என்றால் மட்டும், ஸ்பாஞ்சை அதே தொட்டி நீரில் மூழ்க வைத்துச் சில மணி நேரத்துக்குள் உங்கள் ஃபில்டருக்கு மாற்றுவது பெரிய லாபம். நோயும் அதே வழியில் வரும் என்பதால்தான் அந்த 'மட்டும்'.

குளோரின் நீக்கிய நீரில் ஃபில்டரை ஓடவிட்டு, அந்தப் பாக்டீரியாவுக்கு உணவாக லிட்டருக்கு 2 மி.கி. அளவுக்கு அம்மோனியா சேருங்கள். சேர்த்த அம்மோனியா 24 மணி நேரத்தில் பூஜ்யமாகி, அம்மோனியா மாறும்போது இடையில் உண்டாகும் நஞ்சான நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும் நாளில் தொட்டி தயார். பாதி நீரை மாற்றிவிட்டு முதலில் ஒரு மீன் அல்லது இரண்டை விடுங்கள். முதல் மாதம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் அம்மோனியா, நைட்ரைட் சோதனை செய்யும்போதே, அடிவிளிம்பில் ஒரு டிஷ்யூவையும் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். ஈரம் தட்டினால் நீரைப் பாதியாக இறக்கிவிட்டு, சோப்புப் படாத ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் அதே நீரை நிரப்பி, ஃபில்டரோடு மீனை அதற்கு மாற்றலாம். அந்தப் பிளாஸ்டிக் தொட்டியை வேறு எதற்கும் எடுக்காமல் தனியாக வைத்திருங்கள்.